விரல்களில் ஒரு 1987

கையை விட்டுப்போன பந்தை வழியிலேயே வளைக்க நிஜ பேஸ்பாலில் யாராலும் முடியாது. 1986 டிசம்பரில் ஜப்பானில் நாம்கோ வெளியிட்ட 'ஃபேமிலி ஸ்டேடியம்' வீடியோ கேமில் முடியும். அதன் அமெரிக்க வடிவம்தான் 1988இல் டெங்கன் நிறுவனம் நின்டெண்டோவுக்காகக் கொண்டுவந்த 'ஆர்.பி.ஐ. பேஸ்பால்'.

டெங்கன் வீரர்களின் சங்கத்திடம் உரிமம் வாங்கியிருந்தது; லீக்கிடம் வாங்கவில்லை. அதனால் வீரர்களின் பெயர்கள் நிஜம், அணிகளுக்கு வெறும் ஊர்ப்பெயர். திரையில் எல்லோரும் ஒரே மாதிரி குண்டு பொம்மைகள். ஆனால் ஒவ்வொரு பொம்மைக்குள்ளும் 1987 சீசனின் கணக்கு இருக்கிறது. பிட்ச்சர் வீசும் இடைவெளியில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் 'தளத் திருட்டு' என்பார்கள். அந்த வருடம் செயின்ட் லூயிஸின் வின்ஸ் கோல்மன் செய்த திருட்டுகள் 109. கேமிலும் அவர் அதே ஓட்டக்காரர்தான்.

புதிதாக ஆடுபவர் பட்டனை வேகமாகத் தட்டினால் போதும் என்று நினைப்பார். பழகப் பழகத்தான் தெரியும், மட்டையை வீசாமல் இருப்பதுதான் கஷ்டம். பந்து கடைசி நேரத்தில் வளையும், அதுவரை பொறுக்கணும். பிட்ச்சர் களைத்தால் வேகம் குறையும். எப்போது மாற்றுவது என்று தெரியணும். யாரை நம்பி ஓடவிடலாம் என்பது மனப்பாடமாகணும்.

இதில் தேறுவது என்றால் ஒரு சீசனின் புள்ளிவிவரத்தை விரல்களால் படித்து முடிப்பது, அவ்வளவுதான். புத்தகத்தில் 109 என்பது ஒரு எண். கேமில் எதிராளி கோல்மனை முதல் தளத்தில் நிறுத்தும்போது வயிற்றில் வரும் பயம் அது.