பெருக்கி வில்லையும் பறவை ஒளிப்படமும் - ஒரு வரலாற்று நோக்கு

தொலைப்பட வில்லைக்கும் கமராவுக்கும் இடையே பொருத்தப்படும் சிறிய வில்லைத் தொகுதி டெலிகொன்வேட்டர் எனப்படும். பறவைகளைப் படம்பிடிப்போர் சிலர், ஒன்று போதாதவிடத்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டைப் பொருத்துவர். விலையுயர்ந்த வில்லைகளை வாங்க இயலாதோர் கண்ட குறுக்குவழி இது எனக் கருதுவோர் பலர். வரலாறு இக்கருத்துக்கு இடந்தருவதாயில்லை. தொலைப்பட வில்லையே முதன்முதலில் இத்தகையதோர் இணைப்பாகத்தான் சந்தைக்கு வந்தது.

குவிவு வில்லையொன்றின் பின்னே குழிவு வில்லையொன்றை வைத்தால் விம்பம் பெரிதாகும் என்பதைக் கெப்ளர் 1611 இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே காணலாம். இவ்வுண்மையைப் பயன்படு கருவியாக்கியவர் வூல்விச் இராணுவக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த பீற்றர் பார்லோ ஆவார். அவர் எண்ணத்திற்கிணங்க நிறப்பிறழ்வு நீக்கிய குழிவு வில்லையொன்றைச் செய்த ஜோர்ஜ் டொலண்ட், 1834 இல் அது பற்றிய கட்டுரையை றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். விண்மீன்களின் இடைவெளியை நுண்மானியால் அளந்தோருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. வலுக்கூடிய கண்வில்லையைப் பயன்படுத்தின், விண்மீனோடு நுண்மானியின் இழைகளும் தடித்துத் தோன்றின. புதிய வில்லை இழைகளுக்கு முன்னே நின்றமையால் விண்மீனின் விம்பத்தை மட்டுமே பெருக்கிற்று. அக்காலத்திற் பறவை எவர் மனத்திலும் இருக்கவில்லை. ஒளிப்படக் கலையே இன்னும் உலகறியப் பிறக்கவில்லை.

மறு ஆண்டு, 1835 இல், ஜோர்ஜ் எயரி வேறொன்றை நிறுவினார். வட்டத் துவாரத்தினூடு செல்லும் ஒளி கோணலுறுவதால், எத்துணைச் செம்மையான தொலைகாட்டியும் விண்மீனைப் புள்ளியாகவன்றிச் சிறு வட்டமாகவே காட்டும் என்பதே அது. பெருக்கும் வழியும் பெருக்கத்தின் எல்லையும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிப்பட்டமை கருதத்தக்கது.

1891 இல் இங்கிலாந்தில் தோமஸ் டல்மேயர், ஜேர்மனியில் அடொல்ஃப் மீதே, ஸ்ரைன்ஹைல் ஆகியோர் ஒருவரையொருவர் சாராது தொலைப்பட வில்லையை அமைத்தனர். வழக்கமான குவிவு வில்லையின் பின்னே குழிவுத் தொகுதியொன்றைச் சேர்ப்பதே அவ்வமைப்பாகும். ஆயின் பெருக்கத்தின் விலை ஒளி. விம்பம் இருமடங்கானால் அதே ஒளி நான்மடங்கு பரப்பிற் பரவும். அக்காலத் தட்டுகளின் மந்தமான உணர்திறனுக்கு, அசையாத மலைமுகடும் கோபுரமும் பொருந்தினவேயன்றி, கிளையில் அமர்ந்து தலைதிருப்பும் பறவை பொருந்தவில்லை.

எனவே பறவையைத் தேடியோர் வேறுவழி சென்றனர். யோர்க்‌ஷயரைச் சேர்ந்த றிச்சட் கியட்டன், செரி கியட்டன் எனும் சகோதரர் 1892 இல் முட்டைகளோடு கூடிய கூடொன்றைப் படம்பிடித்தனர். பின்னர் எருதின் தோலுக்குள் ஒளிந்துநின்று படமெடுக்கும் அளவுக்கு அவர்கள் முயற்சி வளர்ந்தது. அருகே சென்றாலன்றிப் படமில்லை என்பதே அவர்காலத்து நியதி. அந்நெருக்கத்திற்குப் பறவையும் விலைகொடுத்தது, மனிதரும் கொடுத்தனர். கூட்டை மறைக்கும் கிளைகளை அகற்றுவதால் வெயிலுக்கும் பகைக்கும் குஞ்சுகள் இலக்காயின. 1937 இல் எரிக் ஹொஸ்கிங் என்பார் கூட்டருகே ஆந்தையொன்றின் தாக்குதலால் இடக்கண்ணை இழந்தார். பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அரிய பறவைகளைக் கூட்டருகே வேண்டுமென்று கலைப்பதைக் குற்றமாக்கியது. தூரத்தில் நின்று படமெடுக்கும் ஆற்றல் வெறும் வசதியன்று என்பதை இப்பின்னணியிலேயே உணரவேண்டும்.

ஒற்றை வில்லை மறிப்புக் கமராவின் வருகை நிலைமையை மாற்றிற்று. 1936 இல் டிறெஸ்டனில் எக்சக்டாவும் 1959 இல் யப்பானில் நிக்கொன் எஃப்பும் வெளிவந்தன. வில்லையினூடு விழும் விம்பத்தையே கண்ணாற் பார்த்துக் குவியப்படுத்த இவற்றில் முடிந்தது. இடையே எதைப் பொருத்தினும் விளைவு உடனே தெரிந்தது. விரைவான பிலிம்களும் கிட்டின. 1960களிலும் 1970களிலும் யப்பானிய நிறுவனங்களின் மலிவான இருமடங்குப் பெருக்கிகள் பரவின. டல்மேயர் சேர்த்த குழிவுத் தொகுதி கழற்றிமாட்டும் உருவில் மீண்டதாகவே இதனைக் கொள்ளலாம்.

இரண்டை அடுக்குவதன் கணக்கு எளியது. 600 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப் 4 துவாரமும் உடைய வில்லையோடு 1.4, 2 மடங்குப் பெருக்கிகளைச் சேர்த்தால் குவியத்தூரம் 1680 மில்லிமீற்றராகும். விம்பத்தின் பிரகாசம் எட்டிலொன்றாகி, துவாரம் ஏறத்தாழ எஃப் 11 ஆகும். ஆயின் முன்வில்லையின் விட்டம் அதே 150 மில்லிமீற்றர்தான். எயரியின் எல்லைப்படி அவ்விட்டம் 50 மீற்றர் தொலைவில் பிரித்துக்காட்டக்கூடியது ஏறத்தாழ 0.22 மில்லிமீற்றர் இடைவெளியையே. பெருக்கி எத்தனை சேர்ப்பினும் இது குறையாது. முதற்பெருக்கி, முன்வில்லை ஏற்கெனவே பிரித்தவற்றுள் பிலிம் தவறவிட்டதை மீட்டுத்தரும். இரண்டாவது தருவது அதனினும் சிறிது. முன்வில்லையின் குறைகள், காற்றின் நடுக்கம், தாங்கியின் அதிர்வு ஆகியனவும் 2.8 மடங்காகும். அமைதியான காலைப்பொழுதில் நிலைத்து நிற்கும் நீர்ப்பறவைக்கு இம்முறை உதவலாம். பறக்கும் பறவைக்கு உதவாது.

பொறிமுறையும் குறுக்கே நின்றது. பெருக்கியின் முன்வில்லை வெளியே நீண்டிருப்பதால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பொருத்தவியலாது. கெனன் நிறுவனத்தின் மூன்றாந் தலைமுறைப் பெருக்கிகள் இரண்டை அடுக்க இடையே ஒரு நீட்டுகுழாய் தேவைப்பட்டது. தன்னியக்கக் குவியமோ இன்னுங் கடிய தடையாயிற்று. மறிப்புக் கமராக்களிற் பெரும்பாலானவை எஃப் 5.6 ஐத் தாண்டியதும் சில எஃப் 8 ஐத் தாண்டியதும் அவ்வாற்றலை இழந்தன. ஆடியற்ற கமராக்கள் உணரியிலேயே குவியத்தை அளப்பதால், 2020 இல் வெளிவந்த கெனன் ஆர் 5 எஃப் 22 வரை இயங்கிற்று. 2013 இல் கெனனின் 200-400 மில்லிமீற்றர் வில்லையும் 2022 இல் நிக்கொனின் 400, 600 மில்லிமீற்றர் வில்லைகளும் 1.4 மடங்குப் பெருக்கியைத் தம்முள்ளேயே கொண்டு வந்தன. நெம்புகோலொன்றைத் திருப்பினால் அது ஒளிப்பாதையில் வந்து நிற்கும். மீண்டுந் திருப்பினால் விலகும்.