நடுக்கடலில் வாயும் காதும் - ஒரு சின்ன வரலாறு



முதலிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் ஊரில் நிட்டிங் மெஷின் சத்தம் உண்டு, அலைச் சத்தம் கிடையாது :-) ஆனால் இங்கே தைத்து, அயர்ன் செய்து, பெட்டி கட்டுகிற பனியன்களில் பெரும்பகுதி தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏறுகிறது. ஏறிய பிறகு அந்தக் கப்பல் இன்றைக்கு எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். 2017-ல் அதே தென்கோடிக் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போன நூற்றுக்கணக்கான மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒக்கி புயலை மறந்திருக்க மாட்டீர்கள். வங்கதேசம் வைத்த பெயர், 'கண்' என்று அர்த்தம். 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. ஆனால் கரையில் இருப்பவனுக்குத்தானே அது பயன்படும்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தூண்டில் போடுகிறவர்கள். லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கனவே வெகு தூரத்தில் இருந்தார்கள்.

அவர்களிடம் இருந்தது வயர்லெஸ் செட். அதன் அலை நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் சில பத்து கடல் மைல் தாண்டியதும் அடிவானத்துக்குக் கீழே இருக்கிற படகுக்கு அது எட்டாது. ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, அப்படித்தான் சேதி போக வேண்டும். நடுவில் ஒரு படகு இல்லையென்றால் அங்கேயே சேதி நின்றுவிடும்.

புயல் போன பிறகு நடந்தது இன்னும் கொடுமை. எங்கே தேடுவது? காற்று அடித்த பக்கமெல்லாம் ஒதுங்கிய படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று பல கரைகளில் போய்ச் சேர்ந்தன. உயிரோடு இருந்தவர்கள் கூட அங்கே போய் போன் செய்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. இன்னும் தூரமாகப் போய்த் தேடுங்கள் என்று கேட்டு டிசம்பர் 7-ம் தேதி மீனவக் கிராமத்து மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருடம் ஆக வேண்டும். அதுவரை அந்தப் பெண் மனைவியா, விதவையா? அரசு இந்த விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது.

சரி, இதற்கு முன் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது?

1912-ல் டைட்டானிக் மூழ்கும்போது வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் அப்போது தூங்கப் போய்விட்டார். வாய் இருந்தது, காது இல்லை. அதனால்தான் 1914-ல் வந்த சர்வதேச ஒப்பந்தம் பெரிய கப்பல்களில் 24 மணி நேரமும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றது.

அடுத்த பெரிய மாற்றம், காதைக் கொண்டுபோய் வானத்தில் வைத்தது. 1979-ல் அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து 'காஸ்பாஸ்-சார்சாட்' என்ற திட்டத்தில் கையெழுத்திட்டன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள்! 1982 ஜூனில் ரஷ்யச் செயற்கைக்கோள் மேலே போனது. செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த ஒரு சின்ன விமானத்திலிருந்த மூன்று பேரைக் கண்டுபிடிக்க அது உதவியது. இந்தியாவும் பிறகு இதில் சேர்ந்து, பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்கள் வைத்தது. ஆனால் இதற்கான கருவியின் விலை சாதாரண மீனவருக்குக் கட்டுப்படியாகாது.

வெளிநாட்டில் தனியாகப் படகில் போகிறவர்கள் இப்போது உள்ளங்கை அளவு சாட்டிலைட் மெசஞ்சர் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். டவர் இல்லாத இடத்திலிருந்தும் எழுதி அனுப்பலாம், பதிலும் வரும். அதையே வாங்கித் தரலாமே என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம். கோவா விமான நிலையத்தில் 2024 டிசம்பரில் ஒரு கனடா பயணியை இதற்காகப் பிடித்தார்கள். சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1933. பயம் மட்டும் புதுசு. 2008-ல் மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள், அவர்களிடம் சாட்டிலைட் போன் இருந்தது. பயம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடத்தப்பட்டதும் ஒரு மீனவர் படகு, அதன் பிறகு சந்தேகத்தின் சுமையைச் சுமந்ததும் மீனவர்தான் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆக, நமக்கென்று தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. இஸ்ரோ 'டாட்' என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியைச் செய்தது, 2010-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், உடல்நலக் கோளாறு, எது என்று பட்டனை அழுத்தினால் போதும். படகு இருக்கும் இடத்தோடு சேர்த்து சேதி நேராக மேலே செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து பெங்களூர் கட்டுப்பாட்டு மையம், பிறகு கடலோரக் காவல்படை. பக்கவாட்டில் போகாமல் மேலே போவதால் அடிவானம் குறுக்கே வராது.

நல்ல கருவிதான். ஆனால் வாய் மட்டும்தான். அழுத்தியவனுக்குத் தன் சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. இருட்டு, அலை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிற படகு... கையில் ஒரு ஊமைப் பெட்டி. சற்றே யோசித்துப் பாருங்கள்.

ஒக்கிக்குப் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' வந்தது. விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காக ஏற்படுத்திய 'ககன்' செயற்கைக்கோள் வசதியிலேயே புயல் எச்சரிக்கையையும் ஏற்றி அனுப்புகிற யோசனை. படகில் ஒரு சின்னப் பெட்டி அதை வாங்கி, ப்ளூடூத் மூலம் மீனவரின் போனுக்கு அவர் மொழியிலேயே தரும். ஹைதராபாத் 'இன்காய்ஸ்' நிறுவனம் கணிக்கிற புயல், அலை உயரம், மீன் கிடைக்கும் இடம் எல்லாம் வரும். 2017 நவம்பரில் தேவைப்பட்டது இதுதான்! ஆனால் இது காது மட்டும். திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

வாயும் காதும் ஒரே பெட்டியில் வந்தது 2024 ஜனவரியில், இரண்டாம் தலைமுறை டாட் என்ற பெயரில். ஆபத்து சேதி மேலே போகிறது. கட்டுப்பாட்டு மையத்தின் பதில் நம்முடைய 'நாவிக்' செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி வருகிறது. கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் அதே வழியில் வரும். 'கிடைத்தது, உதவி வருகிறது' என்ற இரண்டு வரி படகுக்குப் போய்ச் சேர 2010-லிருந்து கணக்குப் போட்டால் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் ஒக்கி வந்து போய்விட்டது.

அதே 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி, 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். இதிலும் இரு பக்கமும் சேதி அனுப்பலாம், படகு எங்கே இருக்கிறது என்று கரையில் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அதாவது, எங்கள் பனியன் பெட்டிக்கு எப்போதோ கிடைத்துவிட்ட அதே வசதி. குமரிக் கரையில் யாராவது உறவினர், நண்பர் இருக்கிறவர்கள், அவர்கள் படகில் இது வந்துவிட்டதா என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்களேன்.