இல்லம்

இல்லம் என்றால் தமிழில் வீடு. இரத்தினபுரியில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. குழி தோண்டி, சேற்றையும் களியையும் தாண்டி இறங்கினால் வரும் சரளைப் படையை இல்லம் என்பார்கள். மாணிக்கம் கிடப்பது அதில்தான். வாப்பாவுக்குக் குருவிட்டப் பக்கத்துக் குழிகளில் பங்கு இருந்தது. இல்லத்தைக் கூடையிலிட்டு அரிக்கும்போது சில வேளை கறுத்துப்போன எலும்போ பல்லோ வரும். அதைக் குழியோரத்தில் எறிந்துவிடுவார்கள்.

அப்படி எறியப்பட்டவற்றைத் தேடி வந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒரு காலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதற்கு அவருக்குச் சான்று தந்தவை மாணிக்கக் குழிகளே. பலாங்கொடை மனிதனுக்குப் பெயரிட்டவரும் அவரே.

குருவிட்டவுக்கு மேலே, பாவா ஆதம் மலையின் அடிவாரக் காட்டில் பட்டதொம்பலென என்ற குகை இருக்கிறது. அவருடைய மகன் சிரான் தெரணியகல 1980களின் தொடக்கத்தில் அதை விரிவாக அகழ்ந்தார். 2005இல் தொல்பொருள் திணைக்களத்தார் மீண்டும் அங்கு வந்தபோது, சில நாட்கள் மண் சலிக்க நானும் போனேன். மாணிக்கம் அரித்துப் பழகிய கைக்கு அது புதிய வேலையல்ல. ஆனால் இங்கே எதையும் எறியக் கூடாது. எரிந்த கெக்குன விதையோடு, குரங்கெலும்பு, மரநத்தை ஓடு, நகத்தளவேயான படிகக்கல் கருவி எல்லாமே பைக்குள் போயின. பையில் இலக்கம் எழுதப்பட்டது. மழைக்காட்டில் மனிதன் நிலைத்து வாழ்ந்திருக்க முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன்பே இக்குகையில் மனிதர் வாழ்ந்ததை இந்த மண் காட்டியது.

என்னோடு சல்லடை பிடித்தவர் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துப் பெரியவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரானவர்களின் மகன். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. இக்குகையில் முன்னர் கடற்சிப்பிகளும் சுறாப் பல்லும் கிடைத்ததாக அதிகாரி ஒருவர் சொன்னார். கடல் எங்கே, இந்தக் காடு எங்கே! பெரியவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தக் காலத்துலயும் வெளியில இருந்து சாமான் வந்திருக்கு. அதுக்கெல்லாம் யாரு தம்பி பிரஜாவுரிமை குடுத்தா?”

எல்லோரும் சிரித்தோம். எனக்கோ சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ‘உங்களுடைய சொந்த நாடு எது?’ என்று சோனகப் பிள்ளையான என்னிடமும் பாடசாலையில் கேட்டிருக்கிறார்கள். பலாங்கொடை மனிதனின் சாயல் வேடரிடம் தொடர்வதாக எலும்பியல் ஆய்வாளர்கள் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் மற்ற நாம் எல்லோரும் முன்னும் பின்னுமாக வந்தவர்கள்தாம். ‘எனக்கே சொந்தம்’ என்று எவரும் உரிமை கோருவதற்கான சான்று எதையும் அந்தச் சல்லடையில் நான் காணவில்லை.

வீடு திரும்பியதும் வாப்பாவிடம், “இனி எலும்பு வந்தால் எறிய வேண்டாம்” என்றேன்.

“விலை போகுமா?” என்று கேட்டார்.

“போகாது வாப்பா.”

ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் குழிக்குப் போனபோது, கழுவிய பல்லொன்றை வாழையிலையில் பொதிந்து எனக்காக வைத்திருந்தார். அதை இருவருமாக இரத்தினபுரி நூதனசாலைக்குக் கொண்டுபோனோம்.