துண்டு முறை

துண்டு முறை என்பது பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், ஒரு தொழிலாளி கடனைத் தீர்த்தால்தான் வேலையை விட்டு விலகலாம் என்ற வழக்கமாகும். விலக விரும்புபவருக்குத் தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் இவர் விடுவிக்கப்படுவார் என்பது அதன் சாரம். அச்சீட்டே 'துண்டு' எனப்பட்டது.

இக்கடன் ஊரிலேயே தொடங்கியது. தமிழகக் கிராமங்களில் ஆள் சேர்த்த கங்காணி, பழைய கடன், வழிச்செலவு முதலியவற்றுக்கு முன்பணம் கொடுத்தார். அது தொழிலாளியின் பெயரில் கணக்கில் ஏறியது. ஆகவே பலர் தோட்டத்தில் முதல்நாள் வேலை செய்யும் முன்னரே கடனாளியாயினர்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி மாத ஒப்பந்தத் தொழிலாளி முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். அறிவிக்காமல் சென்றால் அது குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் முறைப்படி விலகினாலும் துண்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. சட்டம் தந்த உரிமையை வழக்கம் தடுத்தது.

துண்டுடன் வந்தவரின் கடனைப் புதிய தோட்டம் செலுத்தியது. ஆனால் கடன் அதனால் தீரவில்லை. புதிய கணக்குக்கு மாறியது. எடுத்துக்காட்டாக, ஒருவரின் கடன் 40 ரூபாய் என்று கொள்வோம். ஆள் தேவைப்பட்ட புதிய தோட்டம் கங்காணிக்கு 50 ரூபாய் கொடுத்தால், மேலதிகமான 10 ரூபாயும் தொழிலாளியின் தலையிலேயே விழும். கங்காணிகள் தம் ஆட்களைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு தோட்டம் மாறுவதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. ஆட்களுக்காகப் போட்டியிட்ட தோட்ட உரிமையாளர்களுக்கும் இது தொல்லையாயிற்று. 1908இல் அமைந்த தொழிலாளர் ஆணைக்குழுவும் இச்சிக்கலை ஆராய்ந்தது.

தொழிலாளர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை நீக்கவேண்டும் என்று சர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் குரல் கொடுத்தனர். இந்தியாவிலிருந்தும் எதிர்ப்பு வலுத்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. 1923ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆள்சேர்ப்புச் செலவுக்குப் பொது நிதி ஒன்று ஏற்பட்டது. அதன்பின் அச்செலவைத் தொழிலாளியின் கடனாக எழுத இடமில்லை.

கங்காணியின் செல்வாக்கு உடனே மறையவில்லை. எனினும் 1865இல் ஏட்டில் எழுதப்பட்ட விலகும் உரிமைக்குக் குறுக்கே நின்ற சீட்டு, 56 ஆண்டுகளுக்குப் பின் சட்டப்படி செல்லாததாயிற்று.