இரும்பில் விழும் கோடு

மலையக வரலாறு என்றவுடனே நமக்குக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும்தான் கண்ணுக்குள்ள வரும். ஸ்டோர் வாசலோட அந்த வரலாறு நின்றுவிடுகிறது. கொழுந்து வாடணும், அரைபடணும், காயணும். இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின் இருக்கிறது. அது உடைந்தால் சரிசெய்ய ஒரு கை வேண்டும். அந்தக் கை இரும்பை வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு கோடு போடும். நாங்கள் பேசப் போவது அந்தக் கோட்டைப் பற்றி.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, கொழுந்தை மேசையில் போட்டுக் கையாலேயே உருட்டினார்கள். பிறகு வில்லியம் ஜாக்சனின் ரோலரும், பெல்ஃபாஸ்ட் சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ காய்ச்சும் மெஷினும் வந்தன. கண்டியில் 1854இல் ஜோன் வோக்கர் தொடங்கிய கம்பனி கோப்பிக்குச் செய்த மெஷின் வேலையைத் தேயிலைக்கும் செய்தது. 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டது. ஆனால் பொகவந்தலாவைக்குத் தண்டவாளம் இல்லை. ஹட்டனில் இறங்கிய இரும்பு நோர்வூட் வழியாக ரோட்டில்தான் வரணும். பறித்த கொழுந்தோ சாமான் வரும்வரை காத்திருக்காது. பட்டறையிலேயே செய்துகொள்வது இந்தத் தூரம் கற்றுக்கொடுத்த பாடம்.

சரி, எந்தக் கருவியால் கோடு போடுவது? சோக் கோடு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிக்கும். கேஸில் தகடு வெட்ட அது போதும். துளை போட அது போதாது, கோட்டின் எந்த ஓரத்தில் துளைப்பது என்றே தெரியாது. அதற்குக் கூரான ஸ்க்ரைபர் வேண்டும். தகட்டில் நீலச் சாயமோ மயில்துத்தக் கரைசலோ பூசி, மூலைமட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பில் கீறினால் மயிரிழை மாதிரி கோடு பளிச்சென்று தெரியும். இரண்டாம் தடவை இழுத்தால் ஒரு கோடு இரண்டாகிவிடும்.

அதற்காக எல்லா இடத்திலும் ஸ்க்ரைபர் சரி என்றில்லை. வளைக்கப்போகும் இடத்தில் கீறினால் அந்தக் கீறலிலேயே வெடிப்பு தொடங்கலாம். நாகம் பூசிய தகரத்தில் கீறினால் பூச்சு போய்விடும். நம்ம மழைக்கும் மூடுபனிக்கும் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். இரண்டு இடத்திலும் பென்சிலோ மார்க்கரோ நல்லது.

வட்டத் தகட்டில் ஆறு போல்ட் துளை போட கணக்குக் கொப்பி வேண்டாம். டிவைடரில் வட்டம் வரைந்து, அதே ஆரத்தை மாற்றாமல் சுற்றி வைத்தால் சரியாக ஆறு புள்ளி விழும். அவற்றை 60 பாகை முனையுள்ள டொட் பஞ்சால் லேசாகக் குறித்து, பிறகு 90 பாகை சென்டர் பஞ்சால் ஆழமாக்கினால் துளையூசி வழுக்காது.

பழைய மெஷின்களில் இன்னொரு சிக்கல், அவை அங்குலத்தில் பிறந்தவை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகுப் புரி அளவுதான் பிரிட்டிஷ் மெஷின்களில் பரவியது. ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மில்லிமீட்டர். அதை 38 என்று எடுத்து, துளைக்குத் துளை அளந்தால் பத்து இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் பிசகும். கடைசி போல்ட் இறங்காது. அதனால் அங்குல அடிமட்டத்தை எறிந்துவிடாதீர்கள். எல்லா அளவையும் ஒரே ஓரத்திலிருந்து எடுங்கள். 0.02 மில்லிமீட்டர் வரை வாசிக்கும் ஹைட் கேஜ் கையில் இருந்தாலும், அதை வைக்கும் தளம் சமமாக இல்லாவிட்டால் அந்த நுட்பத்தால் பயனில்லை.

இதெல்லாம் பட்டறைகளில் பெரும்பாலும் பார்த்துப் பழகிய அறிவு. 1948 சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அப்படிப்பட்ட காலத்தில் இரும்பில் நேர்கோடு போடத் தெரிந்தவரிடம் தொழில் இருந்தது, அதைச் சொல்லும் சான்றிதழ் இல்லை. இன்று ஹட்டனில் தொழிற்பயிற்சிக்குப் போகும் தம்பி, தங்கச்சிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கும். கூடவே அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது: ஸ்டோரில் வேலை செய்து ஓய்வெடுத்த தாத்தாமாரிடம் போய், எந்தக் கருவியை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்கணும். அவர்கள் இருக்கும்போதே கேட்கணும்.