பெட்ரோல் போதலையா, அதிகமா? ஒரு பித்தளை வளையத்தின் கதை

போன மாசம் என் செகண்ட் ஹேண்ட் கார் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் திணற ஆரம்பிச்சது. முதல்ல போன ஒர்க்‌ஷாப்ல 'ஃப்யூயல் பிரஷர் கம்மி'ன்னு சொல்லி பம்பையே மாத்திட்டாங்க. காசு போச்சு, பிரச்சினை போகலை. ரெண்டாவதா பார்த்த மெக்கானிக் அண்ணன், பம்புக்கு வர்ற வோல்ட்டேஜை மல்டிமீட்டர் வெச்சு அளந்தார். 12-க்கு மேல வர வேண்டிய இடத்துல 9 வோல்ட்தான். எர்த் வயர் முனை துரு பிடிச்சிருந்தது. "பிரஷர் கம்மிங்கிறது காய்ச்சல் மாதிரி தம்பி. எதனாலன்னு பார்க்காம மாத்திரை போடக் கூடாது"ன்னார்.

அதைக் கேட்டதும் ஞாபகம் வந்த கதைதான் இன்னைக்கு.

1940 கோடைக்காலம். பிரிட்டன் வானத்தில் ஜெர்மன் மெசர்ஸ்மிட் 109 விமானங்களும், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களும் மோதிக்கொண்டிருந்தன. துரத்தப்படும் ஜெர்மன் விமானி, மூக்கை அப்படியே கீழே தள்ளிப் பாய்ந்துவிடுவார். பின்னாலேயே பிரிட்டிஷ் விமானியும் பாய்ந்தால், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின் இருமும், சில சமயம் நின்றே போகும். அதனால் அவர் விமானத்தைப் புரட்டிப் போட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். அதற்குள் எதிரி தப்பிவிடுவார்.

ஏன் இப்படி? ஜெர்மன் இன்ஜினில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். மெர்லினில் கார்புரேட்டர். கார்புரேட்டரை வைத்தது முட்டாள்தனம் இல்லை. அதில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து, இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி கிடைத்தது. சிக்கல் மிதவையில் இருந்தது. நம்ம மொட்டை மாடி தண்ணித் தொட்டி மாதிரிதான். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும். நிரம்பினால் மூடும். புவியீர்ப்பு கீழ்நோக்கி இருக்கும்வரை எல்லாம் சரி.

ஸ்பீட் பிரேக்கரை வேகமா தாண்டும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்புது இல்லையா? மூக்கைத் தள்ளினால் பெட்ரோலும் அப்படித்தான் மேலே எழும்பும். முதல் கணம், ஜெட்டுகளுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் தடுமாறும். 'பெட்ரோல் போகலை'ன்னு அங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும். ஏன்னா அடுத்த கணம் நேர் எதிர். மிதவை தடம் புரண்டு வால்வு முழுசாகத் திறக்க, பம்ப் முழு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டும். இன்ஜின் கரும்புகை கக்கி அடங்குவது இதனால்தான். பட்டினி கொஞ்ச நேரம்தான், ஆளை மூழ்கடிச்சது வெள்ளம்.

இதற்கு வழி கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். மான்செஸ்டரில் மின்பொறியியல் படித்தவர். 1934-இல் ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் ட்ராக்கில் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி கோல்டு ஸ்டார் வாங்கியவர்.

அவர் தீர்வு, நடுவில் துளையிட்ட ஒரு சின்ன பித்தளைத் துண்டு. இன்ஜின் முழு சக்தியில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேணுமோ, ஏறக்குறைய அவ்வளவு மட்டுமே அந்தத் துளை வழியாகப் போகும். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் வெள்ளம் வராது. எங்க பாஷையில் சொன்னா, ரேட் லிமிட். அதுவும் ப்ரொடக்‌ஷனை நிறுத்தாமல் போட்ட ஹாட்ஃபிக்ஸ். விமானங்களைப் பணியிலிருந்து விலக்காமலே மாட்ட முடிந்தது. ஷில்லிங் தன் குழுவோடு விமானத் தளங்களுக்கே போனார். 1941 மார்ச்சுக்குள் ஃபைட்டர் கமாண்ட் முழுக்க அது வந்துவிட்டது. விமானிகள் அதற்கு 'மிஸ் ஷில்லிங்கின் துளை' என்று குறும்பாகப் பெயர் வைத்தார்கள். 1938-லேயே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இதை மாயாஜாலமாக்க வேண்டாம். 'பிரிட்டன் போர்' எனப்படும் அந்த வான்போர் 1940 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. அதில் பறந்தவர்களுக்கு இந்தத் துண்டு கிடைக்கவில்லை. வந்த பிறகும் அந்த முதல் கணத் தடுமாற்றம் போகவில்லை, தலைகீழாகப் பறந்துகொண்டே இருக்கவும் முடியாது. முழுத் தீர்வுக்கு பிரஷர் கார்புரேட்டர் வரும்வரை, 1943 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதுவரை ஒரு விமானி துரத்திப் போக அந்தத் துளை போதும்.

என் கார்ல பம்பை மாத்தினவங்க செஞ்ச தப்பு ஒண்ணுதான். அறிகுறியையே காரணமா எடுத்துக்கிட்டாங்க. அடுத்த தடவை கார் திணறினா, கோடா, சர்வரோ படுத்தா, பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "அளந்து பார்த்தீங்களா?"

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.