ஒளியுணர்வு எல்லையும் ஊசிக்குப் பிந்தைய கண் தொற்றும்

விழித்திரை நோய்க்காகக் கண்ணுக்குள் ஊசி போட்டபின் உட்கண்ணில் தொற்று ஏற்பட்டால், விட்ரியஸை அகற்றும் அறுவையான விட்ரெக்டமி எப்போது? பார்வை வெறும் ஒளியுணர்வாகச் சுருங்கினால் உடனே அறுவை. கையசைவேனும் தெரிந்தால் விட்ரியஸில் மாதிரி எடுத்து ஆன்டிபயாடிக் செலுத்தினால் போதும் என்பது பரவலான விடை. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 1995இல் வெளியான எண்டாப்தால்மைட்டிஸ் விட்ரெக்டமி ஆய்வு. அந்த ஆய்வில் பிழையில்லை. அது சொல்லாததை அதன் பெயரால் சொல்லிவருகிறோம் என்பதே என் வாதம்.

ஆய்வில் சேர்ந்த 420 பேரும் கண்புரை அறுவையோ, பின்னொரு நாளில் செயற்கை லென்ஸ் பொருத்தும் அறுவையோ செய்துகொண்டு, ஆறு வாரத்துக்குள் தொற்றுக்கு ஆளானவர்கள். ஒளியுணர்வு மட்டுமே எஞ்சிய கண்களில், உடனடி விட்ரெக்டமிக்குப் பின் 20/40 பார்வையை எட்டியோர் 33 சதவீதம். அறுவை இல்லாதோரில் 11 சதவீதம். கையசைவு தெரிந்த கண்களில் இவ்வேறுபாடு இல்லை. எல்லைக்கோடு பிறந்தது இங்கேதான். ஆனால் 20/40 என்பது புரை நீங்கினால் நன்றாகப் பார்க்கக்கூடிய கண்ணுக்குரிய அளவுகோல். மாக்குலா சிதைந்து, தொற்றுக்கு முன்பே பெரிய எழுத்துகளோடு நின்றுவிட்ட கண்ணில் அது எதை அளக்கும்?

கிருமியும் மாறுகிறது. 1995 ஆய்வில் வளர்ப்புச் சோதனையில் உறுதியான தொற்றுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பங்கு சுமார் 9 சதவீதம். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 1,05,536 ஊசிகளில் 52 தொற்றுகளைக் கண்டது. கிருமி வளர்ந்த 26 கண்களில் எட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எட்டு சிறிய எண்தான்; அதிலிருந்து துல்லியமான விகிதம் பேச முடியாது. ஆயினும் இவ்வினத்தில் பல வாயில் வாழ்பவை. ஊசி போடும்போது பேசாதிருக்கச் சொல்வதும் அதனால்தான். இவை விழித்திரையை விரைந்து அழிப்பவை. அத்தகைய கண்ணில் பார்வை ஒளியுணர்வுக்கு இறங்கும்வரை காத்திருப்பது, காக்க வேண்டியதை இழந்தபின் கதவைத் திறப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. அதே ஆய்வில் கையசைவோ அதைவிட மேலான பார்வையோ இருந்த நீரிழிவு நோயாளிகளில், 20/40 எட்டியோர் விட்ரெக்டமிக்குப் பின் 57 சதவீதம், அறுவையின்றி 40. புள்ளியியல்படி இவ்வேறுபாடு உறுதியாகவில்லை. ஆனால் ஊசி போட வருவோரில் நீரிழிவுக்காரர்கள் ஏராளம் என்பதால் இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஊசிக்குப் பிந்தைய தொற்றில் விட்ரெக்டமியால் கூடுதல் பயனில்லை என்று காட்டும் பின்னோக்கிய ஆய்வுகளை எதிர்த்தரப்பு முன்வைக்கும். மோசமான கண்களே அறுவைக்கு அனுப்பப்படும் சூழலில் அந்த ஒப்பீடு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடுகிறது. அறுவையரங்கு கிடைக்கத் தாமதமாகும் என்பதும் தடையன்று. ஆன்டிபயாடிக் ஊசியை முதலில் போட்டுவிடலாம்.

ஊசிக்குப் பிந்தைய தொற்றுக்கென்றே 1995 ஆய்வின் அளவில் புதிய ஆய்வு நடத்த, 2011 விகிதப்படி 420 நோயாளிகளைத் திரட்ட ஏறத்தாழ எட்டரை லட்சம் ஊசிகள் வேண்டும். பல நாட்டு மையங்கள் சேர்ந்தால் எட்டக்கூடிய எண்ணிக்கையே. அதுவரை, ஊசி போட்ட ஓரிரு நாளுக்குள் வலியோடு பார்வை மளமளவென்று சரியும் கண்ணில், கையசைவு தெரிந்தாலும் விட்ரெக்டமியைத் தள்ளிப்போடக் கூடாது.